உன் வாப்பாவின் கால்முடி

அன்பு மகனே,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். நீ பதில் ஸலாம் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். இப்போது ஏணைக்குள் கிடந்து, கால் பெருவிரலைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாய். நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், ஒருவேளை கலியாணமும் முடித்திருப்பாய். இதை எழுதும் எனக்குப் பத்தொன்பது வயது. உன்னைவிட வயது குறைந்த ஒருத்தி உனக்குப் புத்தி சொல்லப் போகிறாள் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. பொறுத்துக்கொள். நான் உன் உம்மா.

உன் வாப்பா போன கிழமை வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வளைகுடாப் பக்கம், கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் மெசின் திருத்துகிற வேலை. கல்முனை பஸ் டிப்போவில் அவரை ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு கொஞ்சம் அகலமாகிவிட்டது போல இருக்கிறது. ஆனாலும் மனம் நிறைந்துதான் இருக்கிறது. அந்த நிறைவு எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமென்றால், அவர் காலிலிருந்து கத்தரித்து எடுத்த கொஞ்ச முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் போய் நின்றுகொள்கிற பிள்ளை நான். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. திரும்பத் திறந்தபோது நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்று வீட்டில் அனுப்பவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்து மட்டும் கையை விட்டுப் போகவில்லை. "எல்லாத்தையும் எழுது புள்ள, அவனுக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் உன் வாப்பாவும் பஸ் ஏறினார்.

நாற்பதாம் நாள் உனக்கு முடி களைந்தோம். ஒஸ்தா மாமா வந்தார். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு முடி களைவதும், வளர்ந்த பிறகு சுன்னத் செய்வதும் அவர்தான். வெள்ளைச் சீலை விரித்து, உன்னை என் உம்மாவின் மடியில் வைத்து, தலையில் தண்ணீர் தொட்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டே வழித்தார். நீ கத்திய கத்தல் றோட்டு வரைக்கும் கேட்டது. உன் வாப்பாவுக்குத் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஒஸ்தா மாமா, எனக்கும் வழியுங்க."

"மாப்பிள, இது பிள்ளட சடங்கு. உங்களுக்கு என்னத்துக்கு?"

"பிள்ள தனிய அழுறான். வாப்பாட தலையும் அப்படி இருந்தா சிரிப்பான். வழியுங்க."

நீ சிரிக்கவில்லை. அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்து இன்னும் கூடக் கத்தினாய். சிரித்தது மற்றவர்கள்தான். களைந்த முடியை நிறுத்து, அந்த நிறைக்கு வெள்ளி ஸதக்கா கொடுப்பது நம் வழக்கம். ஒரே சீலையில் இரண்டு பேருடைய முடியும் விழுந்துவிட்டதால் பிரிக்க வழியில்லை. உன்னுடையது பூனைக்குட்டி முடி போல, அவருடையது தேங்காய்த் தும்பு போல, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. அப்படியே நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். என் உம்மாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா, என் பெரிய மாமா, சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர், தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பிள்ளட முடிக்கு வெள்ளி குடுக்கச் சொன்னா வாப்பாட முடிக்கும் சேத்துக் குடுக்கிறம். ஏழைகளுக்கு இண்டைக்கு நல்ல விளைச்சல்தான்." பிறகு முடியைச் சீலையோடு மடித்துக் கிணற்றடியில் தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் குழி தோண்டித் தாட்டோம்.

அந்தச் சிரிப்பு இரண்டு கிழமைதான் இருந்தது. கொழும்பு ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது: வேலை சரி, ஆனால் கொம்பனி முடி கேட்கிறது. போதைப்பொருள் பாவிக்கிறவரா என்று முடியைச் சோதித்துப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்களாம். முந்தி சலம், அதாவது சிறுநீர், எடுத்துத்தான் பார்ப்பார்களாம். சலம் இரண்டு மூன்று நாள் கதையைத்தான் சொல்லும். ஆட்கள் சில நாள் அடக்கமாக இருந்துவிட்டுப் போய்க் கொடுத்துத் தப்பிவிடுகிறார்களாம். முடி அப்படி இல்லை, மாதக் கணக்கில் வைத்திருக்குமாம். தலைமுடி ஒரு விரல் நீளமாவது இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன் வாப்பாவின் தலையில் அப்போது அரிசி நீளத்துக்குக்கூட முடி இல்லை.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் வாப்பா கலியாணம் முடிக்க முந்திக் கொழும்பில் துறைமுகப் பக்கம் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் வேலை செய்தவர். கொழும்பில் நின்று வரும் பொடியன்மாரைப் பற்றி ஊரில் ஒரு பயம் இருந்தது. ஒருவன் கொஞ்சம் மெலிந்து வந்தாலே போதும், தூள் பாவிக்கிறான் என்று கதைத்துவிடுவார்கள். உன் வாப்பா இயல்பிலேயே மெலிந்தவர். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறவர், அதனால் அவர் சாப்பிடுவதும் தூங்குவதும் எழும்புவதும் எங்கள் குடும்பத்தின் கண் முன்னால்தான். பெரிய மாமாவுக்கு அவரைப் பிடிக்கும். பிடித்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டும் இருப்பார். செய்தி வந்த அன்று முற்றத்தில் கதிரை போட்டு இருவரும் இருந்தார்கள்.

"தென்னைக்குக் கீழ கிடக்குதானே மருமகன். தோண்டி எடுத்துக் குடுங்க" என்றார் பெரிய மாமா.

"பிள்ளட முடியும் கலந்து கிடக்கு மாமா. என்ட எது, அவன்ட எது எண்டு யார் சொல்ற?"

"அவன் என்ன தூளா பாவிக்கான்? ரெண்டையும் சேத்துக் குடுத்தா பாதியாவது சுத்தமா இருக்கும்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் உன் வாப்பா சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். குசினி யன்னலால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய மாமா அந்த யன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீயும் கூடப் போய்ட்டு வா புள்ள. கொழும்பில இருக்கிற அவர்ர மூத்த ராத்தாவும் பிள்ளயப் பார்க்க ஆசைப்படுறாவாமே. கண்ணால பார்த்தா உனக்கும் ஒரு நிம்மதி." என்னைச் சாட்சிக்கு அனுப்புகிறார் என்று எனக்கு விளங்கியது. உன் வாப்பாவுக்கும் விளங்கியது. அவர் உன் துணிகளை மடித்துப் பையில் வைக்க எனக்கு உதவி செய்தார்.

கொழும்புப் பயணம் உன் முதல் பயணம். பஸ்ஸை மறித்து இறக்கிச் சோதிக்கும் இடங்களில் எல்லாம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்தில் அடையாள அட்டை பார்த்த ஆமிக்காரன் உன் வாப்பாவின் தலையைப் பார்த்தான், பிறகு தொப்பி நழுவிய உன் தலையைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்துவிட்டு எங்கள் பையைத் திறக்காமலே போகச் சொன்னார்கள். "பாத்தயா, மொட்டை போட்டதால ஒரு நன்மை" என்றார் உன் வாப்பா. அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

மாதிரி எடுக்கும் இடம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்த டொக்டர் கொழும்புத் தமிழர், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முடியை எடுத்து முத்திரை வைத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. தலையில் முடி இல்லாவிட்டால் உடம்பு முடி எடுக்கலாம் என்று சொல்லி உன் வாப்பாவைத் திரைக்கு அங்கால் கூட்டிப் போனார். நான் வாங்கில் இருந்து உனக்கு விசிறிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். டொக்டரின் முகம் மாறியிருந்தது.

"தம்பி, தலையில இல்ல. நெஞ்சில இல்ல. கைக்குக் கீழ, கமக்கட்டிலயும் வழிச்சிருக்கு. சோதனைக்கு முதல் இப்படி வழிச்சிட்டு வாற ஆக்களை நான் கண்டிருக்கிறன். கொம்பனிக்கு நான் எழுதவேண்டியது ஒண்டுதான். சோதனைக்கு மறுத்தார் எண்டு."

உன் வாப்பா சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றார். கோபம் வந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். நம்பாதவனுக்கு என்ன சொல்வது என்ற எண்ணம் அவருக்கு. நீயும் அப்படி வளர்ந்துவிடாதே மகனே. சில இடங்களில் சும்மா நின்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் எழுதிக்கொள்வார்கள். டொக்டர் பேனையைத் திறந்தார். அவர் எழுதிவிட்டால் இந்த வேலை போகும். வேலை போனால் வேறு வேலை வரும். ஆனால் "பாதியாவது சுத்தமா இருக்கும்" என்ற சொல் எங்கள் வீட்டை விட்டுப் போகாது. நீ வளர வளர அதுவும் உன்னோடு வளரும். நான் எழும்பினேன். எழும்பியது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"டொக்டர்."

"என்ன தங்கச்சி?"

"கமக்கட்டு முடி எடுக்கிறது எங்கட மார்க்கம். நாப்பது நாளுக்கு மேல வளர விடுறல்ல. எங்கட ஆம்புளைகள் எல்லாரும் அப்படித்தான். ஒளிக்கிறத்துக்கு எடுத்தல்ல."

அவர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெஞ்சு?"

"நெஞ்சில அவருக்கு முளைக்கிறதே இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உணர்ந்தேன். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டேன். உன் வாப்பாவின் காது சிவந்துபோனது.

"தலை?"

"பிள்ளைக்கு முடி களைஞ்ச அண்டுதான் அவரும் களைஞ்ச. இந்தா பாருங்க." உன் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன்.

டொக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். உன் வாப்பாவைக் குனியச் சொல்லி, அவர் தலையை உன் தலைக்குப் பக்கத்தில் வைத்து, சின்ன அடிமட்டத்தால் இரண்டையும் அளந்தார். உன் கையில் பட்ட அவர் கண்ணாடிக் கயிற்றை நீ பிடித்துக்கொண்டாய். விடவில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"ஒரே நாள் வழிச்ச மாதிரித்தான் இருக்கு" என்றார். "முப்பது வருசமா முஸ்லிம் ஆக்களோட பழகிறன் தங்கச்சி. இந்தக் கமக்கட்டு விசயம் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல."

"எப்படிச் சொல்ற டொக்டர்?" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். தம்பி, களுசானை முழங்கால் மட்டும் மடிச்சு விடுங்க பாப்பம்."

உன் வாப்பாவின் காலில் மட்டும் முடி நாற்றுமேடை போல நெருங்கி வளர்ந்திருந்தது. யாருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. டொக்டர் சுத்தம் செய்த சின்னக் கத்தரிக்கோலால் தோலோடு ஒட்டி வெட்டி, ஒரு பஞ்சுருண்டை அளவு சேர்த்தார். சிகரட் பெட்டிக்குள் இருக்குமே வெள்ளித் தாள், அது போன்ற தாளில் மடித்து, காகித உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் உன் வாப்பாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். குளிர்ப்பெட்டியில் வைக்கவில்லை. ஈரம் படாமல் சும்மா வைத்தாலே போதுமாம். உன் வாப்பா மெசின்காரர். கோபம் ஆறியதும் அவருக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. தாட்டுவைத்த தலைமுடியைத் தோண்டிக் கொண்டுவந்திருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டார். எடுக்க மாட்டார்களாம். தங்கள் கண் முன்னால் வெட்டாத முடி யாருடையது என்று சொல்ல முடியாது. அதோடு வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று தெரிய வேண்டுமாம். தலைமுடி மாதம் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் வளரும். வேரோடு ஒட்டிய துண்டு போன மாதக் கதை, அதற்கு அடுத்தது அதற்கு முந்திய மாதக் கதை. திசை தெரியாமல் கலைந்து போனால் கதையும் கலைந்துவிடும். கால்முடி மெதுவாக வளர்வது, நெடுநாள் வளராமலும் நிற்பது. அது மாதம் மாதமாகச் சொல்லாது. கடந்த ஒரு வருடமளவில் ஏதாவது உண்டா இல்லையா என்று மட்டும் மொத்தமாகச் சொல்லும்.

முடிக்குள் அது எப்படிப் போகிறது என்று உன் வாப்பா கேட்டார். இரத்தம்தான் முடியின் வேருக்குச் சாப்பாடு கொடுக்கிறது, அதனால் இரத்தத்தில் என்ன இருக்கிறதோ அதில் கொஞ்சம் முடிக்குள்ளும் போய் அகப்பட்டுக்கொள்ளும் என்றார் டொக்டர். பக்கத்தில் இருந்தவன் புகைத்த புகை முடியில் படிந்திருந்தால் என்று கேட்டார். அதற்காகத்தான் ஆய்வுகூடத்தில் முதலில் முடியை நன்றாகக் கழுவுவார்களாம். கழுவின தண்ணீரையும் சோதிப்பார்களாம். பிறகு பொடியாக நறுக்கி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து உள்ளே இருப்பதை வெளியே எடுப்பார்கள். பூட்டுக்குச் சாவி போல, ஒவ்வொரு போதைப்பொருளையும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஒரு மருந்து உண்டு. முதலில் அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அது பிடித்தால் உடனே குற்றவாளி என்று எழுதிவிட மாட்டார்கள். இருமல் மருந்துகூட அதை ஏமாற்றலாமாம். இரண்டாவதாக ஒரு மெசினில் போட்டு, ஆவியாக்கி, மயிரைவிட மெல்லிய நீளமான குழாயால் ஓட விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்துக்கு மறுபக்கம் வரும். வந்ததை உடைத்து, துண்டுகளை நிறுத்துப் பார்த்து, இது இன்னது என்று உறுதி செய்வார்கள். தூள் உடம்புக்குள் போய் மாறின பிறகு உண்டாகும் ஒரு பொருள் இருக்கிறதாம். அதுவும் முடிக்குள் இருந்தால்தான் உள்ளுக்கு எடுத்தவர் என்று நம்புவார்கள். உன் வாப்பா மெசினைத் திறந்து உள்ளே பார்ப்பது போலக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒருவர் எனக்கு முன்னால் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரைக்கும் விளங்கப்படுத்தியது அன்றுதான். சந்தோசமாக இருந்தது.

"பிறந்த பிள்ளைட முடியையும் சோதிக்கலாம் தெரியுமா தங்கச்சி" என்றார் டொக்டர், உன் கையிலிருந்து கண்ணாடிக் கயிற்றை மெல்லப் பிரித்துக்கொண்டே. "அது வயித்துக்குள்ள வளந்த முடி. கடைசி மாசங்கள்ள தாய் என்ன எடுத்தா எண்டு அது சொல்லும்." அந்த மாதங்களில் நான் பயந்தது, அழுதது, யாருக்கும் தெரியாமல் புளியங்காய் தின்றது எல்லாம் முடியில் எழுதியிருக்குமா என்று யோசித்தேன். மருந்துகள்தான் எழுதியிருக்கும், புளியங்காய் இராது என்று பிறகு சமாதானமானேன்.

போக எழும்பும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. "பழசும் தெரியுமா டொக்டர்? வருசக் கணக்கில பழசு?"

"தெரியாது தங்கச்சி. அந்த முடி எல்லாம் எப்பவோ வெட்டுப்பட்டும் உதிர்ந்தும் போயிருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் உன் வாப்பா நெடுநேரம் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நீ என் மடியில் தூங்கினாய். மலை இறங்கிச் சமவெளிக்கு வந்த பிறகு, வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"பழசு தெரியுமா எண்டு ஏன் கேட்ட நீ?"

"சும்மாதான்."

"சும்மா இல்ல." யன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். "நான் பாவிச்சிருக்கன் புள்ள. கொழும்பில நிக்கக்குள்ள. கிட்டத்தட்ட ஆறு மாசம்."

நான் உன் தொப்பியைச் சரி செய்தேன்.

"கூட இருந்த பொடியன்தான் குடுத்த. களைப்புக்கு நல்லம் எண்டான். மறுகா ஒருநாள் அவன் என்ட ஆயுதப் பெட்டிய வித்துப்போட்டான். ஸ்பானர், சாவி, எல்லாம். நான் அவன அடிச்சன். அவன் அடிய வாங்கிக்கொண்டு சிரிச்சான். அவனுக்கு நோகல்ல. அதப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடிச்ச. ஊருக்கு வந்து மலேரியா எண்டு சொல்லிப் படுத்துக் கிடந்த. அது மலேரியா இல்ல, தூள விட்ட நோவு."

"இப்ப?"

"இப்ப இல்ல. அதுக்குப் பிறகு இல்ல."

"ஏன் இப்பச் சொல்றீங்க?"

"முடியில வந்தா நீ முடியிட்ட இருந்து தெரிஞ்சுகொள்ளுவாய். இது வராது. அதால நான்தானே சொல்லணும்."

மகனே, அம்பாறை வரும் வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை. கலியாணத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் பெரிய மாமா கலியாணத்தை நடக்க விட்டிருக்க மாட்டார், நீயும் இருந்திருக்க மாட்டாய் என்றும் நினைத்தேன். அழுகையும் வந்தது. முக்காட்டால் மறைத்துக்கொண்டேன். அவர் சமாதானம் சொல்ல வரவில்லை, கெஞ்சவும் இல்லை. சொன்னதைச் சொல்லிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்தார். அம்பாறையில் பஸ் நின்றபோது, "பிள்ளையப் பிடிங்க, கை நோகுது" என்றேன். அவர் உன்னை வாங்கிக்கொண்டார். என் கை உண்மையாகவே நொந்தது. ஆனால் அதற்காக மட்டும் நான் சொல்லவில்லை என்று அவருக்கு விளங்கியது.

முடிவு வர மூன்று கிழமைக்கு மேல் சென்றது. வீட்டில் எல்லோரும் அதற்குக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். "இப்ப இல்ல" என்று அவர் சொன்னதற்கு அந்த மெசினும் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரை நம்பினேன். நம்பிக்கொண்டே அல்லாஹ்விடம் துஆவும் கேட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்கலாம், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. செய்தி பஸாரில் உள்ள மருந்துக் கடைத் தொலைபேசிக்கு வந்தது. உன் வாப்பா முச்சக்கரவண்டியில் வந்து இறங்கி, முற்றத்தில் நின்றபடியே, "ஒண்டுமில்லயாம்" என்றார். என் உம்மா உடனே இறைச்சி வாங்க ஆள் அனுப்பினார்.

அன்று பின்னேரம் பெரிய மாமா வந்தார். பிட்டும் இறைச்சிக் கறியும் வைத்தோம். அவருக்கு முகம் நிறையச் சிரிப்பு. கறியை அள்ளிப் பிட்டில் போட்டுக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "இனி ஒருத்தனும் வாய் திறக்க ஏலா. நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய் எல்லாருக்கும் சொல்றன். என்ட மருமகன் அத ஒரு நாளும் தொட்டுப் பார்க்காதவன் எண்டு."

உன் வாப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். நான் குசினி வாசலில் நின்றேன். பேசாமல் இருந்தால் போதும், அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுப் போய்விடும். அதற்காகத்தானே நான் கொழும்பில் வாய் திறந்தேன். பேசாமல் இருங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றார் அவர். "முடி ஒரு வருசக் கதைதான். அதுக்கு முந்தி நான் தொட்டிருக்கன்."

பெரிய மாமாவின் கை தட்டிலேயே நின்றது. என் உம்மா என்னைப் பார்த்தார்.

"எப்ப?" என்றார் பெரிய மாமா.

"கலியாணத்துக்கு முந்தி. கொழும்பில."

"புள்ளைக்குத் தெரியுமா?" என்று என் பக்கம் கை காட்டினார்.

அது நான் சொல்ல வேண்டியது. நான் வாசலைத் தாண்டி வெளியே வந்து அவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். "தெரியும் மாமா" என்றேன். "அவர்தான் சொன்ன. மெசின் சொல்லல்ல."

பெரிய மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் இருக்கும்போது நான் அந்த அறைக்குள் வந்து நின்று கதைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தட்டைப் பார்த்தார், பிட்டை ஒரு பக்கமாக ஒதுக்கினார், திரும்பவும் சேர்த்தார். பிறகு என் உம்மாவிடம் சொன்னார்: "கறியப் போடு தங்கச்சி, பிட்டு காயுது. மருமகனுக்கும் போடு. கடலுக்க போறவர், உடம்பு வேணும்." அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஜும்ஆவிலும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் போல வாய்க்காரர் சொல்லாமல் இருப்பது சின்ன விசயமில்லை. டிப்போவுக்கு வந்து உன் வாப்பாவின் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றியதும் அவர்தான்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். நீ வளரும் காலத்தில் இந்த மெசின்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக வந்துவிடும். யாராவது உன்னிடம் முடி கேட்டால் கொடு. வெட்கப்படாதே, கோபப்பட்டு வாய் மூடி நிற்கவும் செய்யாதே. அது ஒரு நல்ல சோதனை. கழுவிப் பார்த்து, இரண்டு தரம் பார்த்து, அவசரப்படாமல் சொல்கிறது. மனிதர்களில் அப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் அது எட்டாத தூரம் ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கும். உன் வாப்பாவுக்கு இருந்தது. உனக்கும் ஒரு நாள் வரும். தூளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வேறு ஏதாவது, யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று.

அப்போது என்னிடம் வா. நான் உடனே நல்ல முகம் காட்டுவேன் என்று வாக்குத் தரமாட்டேன். எனக்குக் கோபம் வரும். அழுகை வரும். ஒரு நாள், இரண்டு நாள் உன்னோடு கதைக்காமலும் இருப்பேன், என் குணம் அப்படி. சோறு போட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். ஆனால் நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் இருந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டேன்.

உன் உம்மா